கோடை விடுமுறையில் நூலகம்: வேலூர் வட்டாரத்தின் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

வேலூரை வெயிலூர் என்று சொல்வது சும்மா இல்லை. மே மாதம் கத்திரி தொடங்கியதும் காலை பத்து மணிக்கே தெரு காலியாகிவிடும். தேர்வு முடிந்த பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து, ஃபேனுக்கு அடியில் போனோடு படுத்திருப்பார்கள். பக்கத்துத் தெருவிலேயே நூலகம் இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் போகத் தோன்றாது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நூலகங்களில் ஒரு பக்கம் சிறுவர் பகுதி, சின்ன நாற்காலி, படக்கதை. இன்னொரு பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும். மேசை முழுக்க டிஎன்பிஎஸ்சி புத்தகம், பேச்சுக்குரலே இருக்காது. நடுவில் இருக்கிற 14 வயதுப் பிள்ளைக்கு எங்கே உட்காருவது என்றே தெரியாது. என் அண்ணன் மகள் முதல் நாள் அப்படித்தான் நின்றாள். சிறுவர் பகுதி நாற்காலியில் முழங்கால் இடித்தது. பெரியவர்கள் மேசையில் உட்காரத் தயங்கினாள். நாளிதழ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, "போலாம் அத்தை" என்றாள்.

அந்த நடு வயதுக்காகவே இதை எழுதுகிறேன். உங்களுக்கென்று ஒரு நாற்காலியை யாரும் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். நீங்களாகத்தான் இடம் பிடிக்க வேண்டும். அது நடக்கக்கூடியதுதான், எங்கள் வீட்டில் நடந்தது.

முதல் படி: எந்த நூலகம், எந்த நேரம்

வேலூர் நகரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அதற்கு அடுத்த நிலையில் கிளை நூலகங்கள். கிராமங்களில் ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பிறகும், நீங்கள் குடியாத்தமோ ஆம்பூரோ வாலாஜாவோ, உங்களுக்கு அருகில் இருக்கும் கிளை நூலகத்தில் தொடங்குவதுதான் சரி. பெரிய நூலகத்துக்கு வாரம் ஒருமுறை போகலாம். நடந்தோ சைக்கிளிலோ போகிற தூரத்தில் இருக்கும் சின்ன நூலகத்துக்கு நினைத்தபோது போகலாம். விடுமுறையில் அதுதான் உதவும்.

மைய நூலகம் பொதுவாகக் காலை 8 மணிக்கே திறந்து இரவு 8 வரை இருக்கும். கிளை நூலகங்கள் பல, மதியம் மூடி மாலையில் திறக்கும். பெரும்பாலானவற்றுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. வாசலில் இருக்கும் நேரப் பலகையை முதல் நாளே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிற ஒரு நாள், அடுத்த பத்து நாள் போகவிடாமல் செய்துவிடும்.

வெயிலுக்கு முன் போய்விடுவது நல்லது. காலை எட்டரைக்குள் போனால் ஃபேனுக்குக் கீழே இடம் கிடைக்கும். தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

இரண்டாம் படி: உறுப்பினர் அட்டை

உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வாசகர் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகத்தான் அட்டை தேவை. ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், அம்மா அல்லது அப்பா, இந்த மூன்றோடும் போங்கள். படிவத்தில் வேறு யாராவது கையெழுத்திட வேண்டுமா என்பதைக் கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளலாம். முன்வைப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் மிகச் சிறியவை.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்த்தே வசூலிக்கிறார்கள். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. வாடகை வீடாக இருந்தாலும் அந்தக் காசு உங்கள் வாடகைக்குள் இருக்கிறது. ஆகவே கூச்சப்பட்டு ஓரமாக நிற்க வேண்டாம். உங்கள் குடும்பம் ஏற்கெனவே பணம் கட்டிய இடம் இது.

மூன்றாம் படி: முதல் வாரம் சும்மா சுற்றுங்கள்

முதல் நாளே ஒரு தடிமனான நாவலைத் தூக்கிக்கொண்டு வந்து, பதினைந்து நாள் அலமாரியில் வைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் பலருக்கு நடக்கிறது. அதனால் முதல் வாரம் எதையும் எடுத்து வர வேண்டாம். ஒவ்வோர் அலமாரிக்கும் போய், முதுகுப் பட்டையில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். வரலாறு எங்கே, அறிவியல் எங்கே, சிறுகதை எங்கே, பயணம் எங்கே என்று ஒரு நோட்டில் தோராயமாக வரைபடம் போடுங்கள். குறிப்புதவிப் பகுதியில் கலைக்களஞ்சியம், அகராதி, பழைய மாவட்ட விவரச்சுவடிகள் (கெசட்டியர்) இருக்கும். வெளியே தர மாட்டார்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.

புத்தகத்தை எடுத்தால் உள்ளே ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பார்க்கத் தவறாதீர்கள். எனக்கு இன்றும் பிடித்த வேலை அது. நீல மையிலும் ஊதா மையிலும் சாய்வாகக் குத்திய முத்திரைகள். சில புத்தகங்களில் தாள் மேல் தாள் ஒட்டி, அதுவும் நிறைந்து போயிருக்கும். சிலவற்றில் இரண்டே முத்திரை, நடுவில் ஏழெட்டு வருட இடைவெளி. ஊர் எதைப் படித்திருக்கிறது, எதைத் தொடவே இல்லை என்பது அந்தத் தாளில் தெரியும்.

நான்காம் படி: ஒரு கேள்வியோடு உள்ளே போவது

இந்த வழிகாட்டியில் எனக்கு முக்கியமானது இந்தப் படிதான். "இந்தக் கோடையில் 20 புத்தகம் படிப்பேன்" என்று எண்ணிக்கை வைத்தால் இரண்டாம் வாரத்தில் சலித்துவிடும். அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி வேண்டும். உங்கள் ஊரைப் பற்றி, உங்கள் மனத்தில் எழுந்த கேள்வியாக இருக்க வேண்டும். அது உங்களை ஓர் அலமாரியிலிருந்து இன்னோர் அலமாரிக்கு இழுத்துப் போகும்.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கேள்வி பேருந்து ஜன்னலில் கிடைத்தது. மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் ஒன்று உண்டு. பள்ளிக்குப் போகும்போது தினமும் அதைக் கடந்துதான் போவாள். "இந்தத் தூண் எதுக்கு அத்தை?" என்று கேட்டாள். "1806-இல் சிப்பாய்கள் புரட்சி பண்ணாங்க இல்ல, அதுக்கு" என்றேன். அதற்கு மேல் எனக்கே சொல்லத் தெரியவில்லை. சரி, நூலகத்தில் தேடு என்றேன்.

முதலில் வரலாற்று அலமாரி. 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகை, நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடி கூடாது என்று வந்த உத்தரவுகள்தான் பொறி. அப்போது திப்பு சுல்தானின் குடும்பம் அதே கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்தது. முந்தின நாள்தான் அவர் மகள் ஒருத்திக்குத் திருமணம். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற அதிகாரி குதிரைப் படையோடு வந்து கிளர்ச்சியை அடக்கினார். இவ்வளவும் ஒரே மதியத்தில் கிடைத்தது.

அப்புறம்தான் விஷயம் சூடு பிடித்தது. இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கை ஒரு புத்தகத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருந்தது. "எது சரி?" என்று நூலகரிடம் போய்க் கேட்டாள். அவர் அவளைக் குறிப்புதவிப் பகுதிக்கு அழைத்துப் போய், யார் எப்போது எழுதியது என்று முன்பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். வெள்ளைக்கார அதிகாரி எழுதியதா, நூறு வருடம் கழித்து நம்மவர் எழுதியதா, எதை வைத்து எழுதினார் என்று பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது. பாடப்புத்தகம் மட்டும் படித்த பிள்ளைக்கு, அச்சில் வந்த இரண்டு விஷயங்கள் ஒன்றுக்கொன்று முரண்படலாம் என்பதே பெரிய செய்தி.

அடுத்த கேள்வி அவளுடையது. ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் சுமார் 25 கிலோமீட்டர். செய்தி போய், குதிரைப் படை கிளம்பி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இதற்காக நிலப்பட அலமாரிக்குப் போனாள், அங்கிருந்து குதிரைகள் பற்றிய விலங்கியல் புத்தகத்துக்குப் போனாள். ஒரு சனிக்கிழமை காலை கோட்டைக்குப் போனோம். அகழியை நடந்தே சுற்றி, உள்ளே அரசு அருங்காட்சியகமும் பார்த்தோம். கோட்டை அவளுக்குப் புதிதில்லை, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் வாயிலுக்குக் கீழே நின்று, கதவின் அகலத்தைக் காலடியால் அளந்து நோட்டில் எழுதினாள்.

உங்கள் கேள்வி வரலாறாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வட்டாரத்தில் கேள்விக்குப் பஞ்சமே கிடையாது.

பாலாறு ஏன் எப்போதும் மணலாகவே கிடக்கிறது? கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி பக்கம் நம்மிடம் வரும் ஆறு இது. 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 தமிழ்நாட்டில். ஆனாலும் 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டு ஓடியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அணை, மழை, மணல், தோல் தொழிற்சாலைக் கழிவு என்று நாலு திசையில் படிக்கலாம்.

வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது எதற்குத் தருவது, விவசாயிக்கு அதனால் என்ன லாபம்? சந்தைக்குப் போய் விற்பவரிடமே கேட்டு எழுதலாம். இலங்கையின் கண்டி அரசர் கடைசியில் வேலூரில் ஏன் இறந்தார்? 1832-இல் இறந்த விக்கிரம ராஜசிங்கனின் முத்துமண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. வானத்தில் ஆர்வம் இருந்தால் ஜவ்வாது மலைக் காவலூர். அங்கே வானியலாளர் வைணு பாப்பு பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பார்வையாளர் நேரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, நட்சத்திரங்கள் பற்றி நாலு புத்தகம் படித்துவிட்டுப் போனால், வானியலாளர்களிடம் கேட்க உங்களிடம் கேள்வி இருக்கும்.

ஐந்தாம் படி: படிக்கும் பழக்கம்

காலையில் ஒரு மணி நேரம் கேள்விக்கான வாசிப்பு. மீதி நேரம் இஷ்டம்: துப்பறியும் கதை, கவிதை, விளையாட்டு வீரர் வரலாறு, எதுவானாலும். முப்பது பக்கம் வரை பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள். அதில் குற்ற உணர்வே வேண்டாம். கதை வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு நம் ஊர் வாசம் உள்ள எழுத்து எளிதில் ஒட்டும். திருப்பத்தூரில் 1912-இல் பிறந்து இந்த மண்ணிலேயே வளர்ந்த மு.வ.வின் (மு. வரதராசன்) நாவல்கள் எல்லா நூலகத்திலும் இருக்கும். நடை அவ்வளவு தெளிவு.

பார்வை மங்கிய பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், தினம் ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தமிழ் நாக்கில் பழகும். பாட்டியிடமிருந்து பதிலுக்கு ஒரு கதை வரும், அதையும் எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: ஐந்து பேர் சேருங்கள், நூலகரிடம் பேசுங்கள்

நம் பக்கத்து நூலகங்களில் வளரிளம் பிள்ளைகளுக்கான கோடை நிகழ்ச்சி சில வருடம் நடக்கும், சில வருடம் நடக்காது. அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து போய்க் கேட்டால், பெரும்பாலான நூலகர்கள் மகிழ்ச்சியாக இடம் தருவார்கள். அனேகக் கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், உள்ளூர் எழுத்தாளர்கள் அதில் இருப்பார்கள். அவர்களைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

வாயால் கேட்பதோடு கடிதமும் கொடுங்கள். நீளம் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் கொடுத்தது இவ்வளவுதான்:

"ஐயா, வணக்கம். நாங்கள் 9, 10-ஆம் வகுப்பு முடித்த மாணவர்கள் ஐந்து பேர். மே மாதம் நான்கு சனிக்கிழமைகளிலும் மாலை 4 முதல் 5 மணி வரை நூலகத்தில் கூடி, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். மற்ற வாசகர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொள்வோம். நாற்காலிகளை நாங்களே எடுத்துப் போட்டு, நாங்களே திரும்ப வைத்துவிடுவோம். அனுமதி தர வேண்டுகிறோம்."

கடைசிக்கு முந்தைய வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். இன்னொரு நூலகத்தில் ஒருமுறை, "பசங்க சத்தம் போடுவாங்க, வேணாம்மா" என்று எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தினமும் போய் அமைதியாகப் படியுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. வாசகரின் வயதை அவர் குறிப்பிடவில்லை.

கூடி என்ன செய்வது? முதல் சனிக்கிழமை ஆளுக்கு ஐந்து நிமிடம், படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச்சு. கதைச் சுருக்கம் சொல்லக் கூடாது, பிடித்த ஒரு பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதி வையுங்கள். இரண்டாவது வாரம் சிறுவர் பகுதிக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசியுங்கள். அதே பகுதியில் முழங்கால் இடித்த பெண், இப்போது தரையில் உட்கார்ந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நரிக்கதை வாசித்தாள். மூன்றாவது வாரம் கிழிந்த புத்தகங்களைச் சரி செய்யலாம். மைதாப் பசை, பழைய காலண்டர் அட்டை, கத்தரிக்கோல் போதும். எதைத் தொடலாம் என்று நூலகர் எடுத்துத் தருவார். செலோடேப் ஒட்டாதீர்கள், நாளாவட்டத்தில் மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது கையெழுத்துப் பத்திரிகை. நம் எழுத்தாளர்கள் எத்தனையோ பேர் பள்ளி வயதில் இதில்தான் எழுதத் தொடங்கினார்கள். கோடு போடாத ஏ4 தாள் 24, கறுப்பு மை, நல்ல கையெழுத்து உள்ள ஒருவர், படம் வரையும் ஒருவர். ஒவ்வொருவரும் தங்கள் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். நூலில் தைத்து, ஒரே ஒரு பிரதி. போனில் தட்டச்சு செய்து பகிர்வது எளிதுதான், ஆனால் ஒரே பிரதி என்றால் ஒவ்வொரு வரியையும் யோசித்து எழுதுவீர்கள்.

ஏழாம் படி: வீட்டிலிருந்தபடியே

வெள்ளிக்கிழமைகளுக்கும் போக முடியாத நாள்களுக்கும் இணையத்தில் இலவசத் தமிழ் நூலகங்கள் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்கப் பாடல் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் உண்டு.

படிப்பதோடு நிற்க வேண்டாம். தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களின் ஸ்கேன் பக்கத்தைப் பார்த்து எழுத்துப் பிழை திருத்தலாம். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் திருத்தினாலே ஒற்றுப்பிழை பற்றி வகுப்பில் கற்றதைவிட அதிகம் கற்பீர்கள். உங்கள் ஊர்க் கோயிலையோ ஏரியையோ நீங்களே படம் எடுத்து விக்கிப்பீடியாவுக்கு அளிக்கலாம். சொந்தப் பெயரும் பள்ளிப் பெயரும் போடாமல் புனைபெயரில் கணக்குத் தொடங்குங்கள்.

எட்டாம் படி: வாய்ப்புகள்

பத்தாம், பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறவர்கள் இரண்டு தேர்வுகளை மறக்கக் கூடாது. பதினொன்றாம் வகுப்பில் எழுதும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் ரூ.1,500 வீதம் இரண்டு ஆண்டு தருகிறார்கள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. வினாக்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை ஒட்டியவை, தேர்வு வழக்கமாக அக்டோபரில். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிப்பவர்களுக்கு. 500 மாணவர், 500 மாணவியருக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு ரூ.10,000. அதற்கு 9, 10-ஆம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் படிக்க வேண்டும். பழைய பாடப்புத்தகங்கள் நூலகத்திலேயே இருக்கும். விண்ணப்ப நாள்களை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

மாணவர்களின் அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு உங்கள் யோசனையைப் பள்ளி பரிந்துரைக்க வேண்டும். தேர்வானால் மாதிரி செய்ய ரூ.10,000 வரும். யோசனை பிறக்கும் காலம் கோடைதான். எழுதப் பிடித்தவர்கள், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் துளிர் இதழுக்கும், பள்ளிக் கல்வித் துறையின் தேன்சிட்டு இதழுக்கும் படைப்பு அனுப்பலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

நூலகத்துக்கு அனுப்பும்போதே "நீட் புத்தகம் எடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். பத்து மாதம் அதுதானே படிக்கிறார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குபவர்கள் முதல் இரண்டு நாள் கூடவே போய் உட்காருங்கள். நீங்களும் ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டுங்கள். இரண்டு தோழிகளாகச் சேர்த்து அனுப்பினால் பயம் பாதியாகும். திரும்பி வந்ததும் "எத்தனை பக்கம் படிச்ச?" என்று கேட்பதைவிட, "இன்னைக்கு என்ன கண்டுபிடிச்ச?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாடு ஆறும் வரை பேசுவார்கள்.

கடைசிப் படி: ஜூனில் செய்ய வேண்டியது

பள்ளி திறக்கும் வாரத்துக்கு முன் எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுங்கள். தாமதமானால் அபராதம் சில்லறைதான், ஆனால் அந்தப் புத்தகத்துக்கு வேறொருவர் காத்திருக்கலாம். அட்டையை ரத்து செய்யாதீர்கள், மாதம் ஒரு சனிக்கிழமை போதும்.

கையெழுத்துப் பத்திரிகையை நூலகரிடம் கொடுத்து, வாசகர் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுடையதை அவர் உள் அட்டையில் ஒரு தேதித் தாள் ஒட்டி, நூலக முத்திரை குத்தி, வார இதழ்களோடு சேர்த்து வைத்தார். ஜூலை 10 காலை மக்கான் தூணில் வழக்கம்போல் மாலை வைத்தார்கள். அன்று மாலை பள்ளி விட்டதும் எங்கள் பெண் நேராக நூலகத்துக்குப் போயிருக்கிறாள். மேசையில் அவள் பத்திரிகையைக் காணவில்லை. போட்டித் தேர்வு மேசையில் ஓர் அண்ணன், பேனாவை மூடி வைத்துவிட்டு, அதைப் படித்துக்கொண்டிருந்தாராம்.